பாதை அக்கரை சேருமுன்

குருமண்வெளித் துறையில் பாதை இன்னும் வரவில்லை.
நீ போனில் டிக்கெட்டைக் காட்டினாய், சிவமலர்:
பதினொரு நாள், நோர்வே, மகன் எடுத்துத் தந்தது.
சரி. மண்டூரில் இறங்குமட்டும்
எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.
கப்பலில் ஆறு தடவை போனவள் நான்.
இந்த வாவியில் எத்தனை தடவையோ.
இருபத்திரண்டு வருசம் அக்கரைத் தபால் கந்தோர்.

அறையை நடுக் கப்பலில் எடு, கீழ்த் தட்டில்.
பல்கனி என்று பிள்ளைகள் நிற்பார்கள்.
பல்கனியில் இருப்பது குளிர் மட்டும்.
நடுவில் படுப்பவளுக்கு ஆட்டம் குறைவு.
நீச்சல் குளத்துக்கு நேர் கீழே வேண்டாம்,
விடிய நாலு மணிக்குக் கதிரை இழுப்பார்கள்.

குளிசையைக் கைப்பையில் வை.
பெட்டி பின்னேரம்தான் அறைக்கு வரும்,
பிரஷர் அதுவரை காத்திருக்காது.

நாற்பது வகைச் சாப்பாடு.
மூன்றாம் நாள் தெரியும், ஒன்றிலும் உறைப்பில்லை.
மாசிச் சம்பல் ஒரு போத்தல் கொண்டுபோ.
கருவாடு வேண்டாம்.
நான் கொண்டுபோன வருசம்
எங்கே எலி செத்தது என்று
தட்டு முழுக்க ஆள் விட்டுத் தேடினார்கள்.
நானும் சேர்ந்து தேடினேன்.

வருகுது பார். மோட்டார் சைக்கிள்கள் முதலில் ஏறட்டும்.
என்ஜின் பக்கம் நில்லாதே, சீலை மணக்கும்.
இஞ்சால வா, கயிற்றடிக்கு.

முதல் நாள் மிதவை அங்கி போட்டுக் காட்டச் சொல்வார்கள்.
எல்லாரும் சிரித்துப் படம் எடுப்பார்கள்.
நீ வாரை இறுக்கு.
விசில் கேட்குமா என்று நான் ஊதிப் பார்த்தேன்,
முந்நூறு பேர் திரும்பினார்கள். திரும்பட்டும்.
நவலடியில் இருந்தவள் நான்.

கரையில் அவர்கள் விற்கும் பஸ் பயணத்துக்குக் காசு கொடாதே.
ஒவ்வொரு துறைமுகத்திலும் நான்
தபால் கந்தோரைத் தேடித்தான் நடந்தேன்.
பேர்கனில் முத்திரை குத்தும் பெண்
என்னைவிட வேகம்.
அதை ஒத்துக்கொள்ள எனக்கு இரண்டு நாள் எடுத்தது.

மறந்துபோவேன், இதைக் கேள்.
நாலாவது பயணம். குளித்துவிட்டு வந்தால்
கட்டிலில் துவாய் யானையாய் மடிந்து நிற்கிறது.
ஈரத் தலையோடு எனக்குள்ளேயே கேட்டேன்,
‘இதை எப்படிக் கலைக்கிற?’
கதவடியில் இருந்து பதில் வந்தது:
‘துவட்டுங்க, மறுகா வேற ஒண்டு செஞ்சு தாறன்.’
மறுகா!
வட கடலில், ஐஸ் மலை ஓரத்தில், மறுகா.

மருதமுனைப் பிள்ளை. முகம்மது இஸ்ஸதீன்.
சட்டையில் குத்தியிருந்தது ‘இஸ்ஸி’.
கடைசி இரவு காசு நீட்டினேன், வாங்கவில்லை.
‘ஒரு படிவம் தருவாங்க அக்கா, அதில என்ட பெயர எழுதுங்க.
பெயர் எத்தின தரம் வருகுதெண்டு பாத்துத்தான்
அடுத்த ஒப்பந்தம்.’

விலாசம் குறைந்தால் கடிதம் சேராது என்று
ஊருக்கே சொன்ன வாய் என்னுடையது.
முழுப் பெயர், தகப்பன் பெயர், ஊர், மாவட்டம்
எல்லாம் வடிவாய் எழுதிக் கொடுத்தேன்.

அடுத்த வருசம் அதே கப்பல். துவாயில் அன்னம்.
வேறு பையன்.
விசாரித்தேன். இஸ்ஸதீன் என்று
எவருமே வேலை செய்யவில்லையாம்.
இஸ்ஸி என்று ஒருவன் இருந்தானாம்,
பெயர் போதாமல் போய்விட்டானாம்.

எனக்குத் தெரியாது, வேறு காரணமும் இருக்கலாம்.
ஆனால் நீ சட்டையில் இருப்பதை மட்டும் எழுது.
அது எவ்வளவு சின்னப் பெயராய் இருந்தாலும்.

இடிக்கப் போகுது, கம்பியைப் பிடி.
அந்தா, கயிறு எறிகிறாரே,
அவருக்கு என்ன பெயர்?
உனக்கும் தெரியாதா?
நான் தினமும் இரண்டு தரம் வந்தவள்.

சரி, இறங்கு.
செருப்பைக் கையில் எடு. பலகை வழுக்கும்.